ஒன்றேகால் சென்ட் கொல்லையில் ஒரு கணக்கு

சேலத்திலிருந்து தருமபுரிக்குப் பேருந்தில் சென்றவர்கள் தொப்பூர்க் கணவாயை மறக்கமாட்டார்கள். இரு புறமும் மலைகள். நடுவே வளைந்து ஏறும் நெடுஞ்சாலை. கணவாயின் அடிவாரத்தில், மேட்டூருக்குச் சாலை பிரியும் இடத்தில் இருக்கிறது தொப்பூர். இவ்வூரில் ஒரு சிறு வீட்டைக் கற்பனை செய்துகொள்வோம். வீட்டின் பின்னால் ஒரு கொல்லைப்புறம். துவைக்கும் கல், விறகு, ஒரு மூலையில் குப்பை. மீதி இடம் வெறுமனே கிடக்கிறது. "இந்தக் கையகல இடத்தில் என்ன விளையும்?" என்று வீட்டார் விட்டுவிட்டார்கள்.

மாணவ நண்பர்களே, அந்தக் கையகல இடத்தில் என்ன விளையும் என்பதை மண்வெட்டியைத் தொடும் முன்பே தாளும் பென்சிலும் கொண்டு பெருமளவு கண்டுபிடித்துவிடலாம். அதற்குத் தேவையான கணிதம் முழுவதும் உங்கள் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. ஆனால் ஓர் எச்சரிக்கை. பெரிய வயலுக்குப் பொருந்தும் விதி சிறிய இடத்துக்கும் அப்படியே பொருந்தும் என்று எண்ணிவிடக்கூடாது. ஏன் என்பதைப் போகப் போகக் காண்போம்.

முதலில் அளப்போம்

நம் கொல்லை வீட்டின் வடக்கே இருக்கிறது. வீட்டுச் சுவரை ஒட்டிய தெற்குப் பக்கம் 24 அடி. கிழக்குப் பக்கம் 18 அடி. மேற்குப் பக்கம் 28 அடி. பின்பக்க வேலி சாய்வாகப் போகிறது; அதன் நீளம் 26 அடி. இப்படத்தை ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள். 2 அடிக்கு 1 செ.மீ. என்ற அளவுத்திட்டம் போதும்.

இதன் பரப்பு என்ன? பல இடங்களில் ஓர் எளிய வழியைக் கையாளுகிறார்கள். எதிரெதிர்ப் பக்கங்களைக் கூட்டிப் பாதியாக்கி, இரண்டு சராசரிகளையும் பெருக்குவது. 24, 26 ஆகியவற்றின் சராசரி 25. 18, 28 ஆகியவற்றின் சராசரி 23. பெருக்கினால் 575 சதுர அடி.

இவ்வழி மிகப் பழமையானது. கி.பி. 628இல் பிரம்மகுப்தர் தம் நூலில் இதைக் கூறியிருக்கிறார். ஆனால் இது தோராயமான அளவே என்றும் குறித்திருக்கிறார். பிற்காலத்தில், 1150ஆம் ஆண்டளவில், லீலாவதி என்னும் கணித நூலை எழுதிய பாஸ்கராச்சாரியார் இன்னும் ஒரு படி மேலே சென்றார். மூலைவிட்டமோ செங்குத்துக் கோடோ கொடுக்காமல், நான்கு பக்கங்களை மட்டும் சொல்லிப் பரப்பைக் கேட்பவர்களையும், அதற்கு விடை கூறுபவர்களையும் அவர் கடுமையாகக் கேலி செய்கிறார்.

அவர் கேலி செய்தது நியாயமா? நீங்களே சோதிக்கலாம். நான்கு மூங்கில் குச்சிகளை மூலைகளில் நூலால் கட்டி ஒரு சட்டம் செய்யுங்கள். இரண்டு எதிர் மூலைகளைப் பிடித்து அழுத்துங்கள். சட்டம் நசுங்குகிறது, உள்ளிருக்கும் பரப்பு குறைந்துகொண்டே போகிறது. குச்சிகளின் நீளமோ மாறவில்லை! ஆகவே நான்கு பக்கங்கள் மட்டும் பரப்பைத் தீர்மானிப்பதில்லை. ஐந்தாவதாக ஒரு மூலைவிட்டக் குச்சியைக் கட்டிவிட்டால் சட்டம் அசையாது. ஏனெனில் இப்போது அது இரண்டு முக்கோணங்கள். முக்கோணத்தை நசுக்க முடியாது.

எனவே நம் கொல்லையிலும் தென்மேற்கு மூலையிலிருந்து வடகிழக்கு மூலைக்கு ஒரு கயிறு பிடிப்போம். அதன் நீளம் 30 அடி. இப்போது நம்மிடம் இரண்டு முக்கோணங்கள் இருக்கின்றன. ஒன்றின் பக்கங்கள் 18, 24, 30. மற்றொன்றின் பக்கங்கள் 26, 28, 30.

கி.பி. முதல் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த ஹீரோன் பெயரால் வழங்கும் சூத்திரத்தை நீங்கள் படித்திருப்பீர்கள். பக்கங்கள் அ, ஆ, இ என்றும், சுற்றளவில் பாதி ச என்றும் கொண்டால்,

பரப்பு = √[ச (ச − அ) (ச − ஆ) (ச − இ)]

முதல் முக்கோணத்தில் ச = 36. ஆகவே பரப்பு √(36 × 18 × 12 × 6) = √46656 = 216.

இரண்டாவதில் ச = 42. ஆகவே பரப்பு √(42 × 16 × 14 × 12) = √112896 = 336.

கூட்டினால் 552 சதுர அடி. ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி. ஆகவே நம் கொல்லை ஏறக்குறைய ஒன்றேகால் சென்ட்.

சராசரி வழி காட்டியது 575. வேறுபாடு 23 சதுர அடி. நான்கு மூலைகளும் செங்கோணமாக இருந்தால் மட்டுமே அவ்வழி சரியான விடை தரும். நம் கொல்லையைப் போன்ற மற்ற வடிவங்களில் பரப்பைக் கூட்டியே காட்டும். சதுர அடி 300 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், நிலம் வாங்குபவர் இல்லாத இடத்துக்கு 6,900 ரூபாய் கொடுத்திருப்பார்! ஒரு கயிற்றை ஒரு முறை குறுக்கே பிடித்ததால் கிடைத்த ஆதாயம் இது.

இன்னொன்றையும் கவனித்தீர்களா? 18, 24, 30 என்பவை 3, 4, 5 என்ற விகிதத்தில் இருக்கின்றன. ஆகவே தென்கிழக்கு மூலை செங்கோணம். கொத்தனார்கள் கயிற்றைக் கொண்டு மூலை மட்டம் பார்ப்பதும் இதே பிதாகரஸ் தேற்றத்தால்தான்.

நிழல் எங்கே விழும்?

552 சதுர அடியும் வெயில் படும் இடமா? காய்கறிச் செடிகளுக்கு நல்ல வெயில் தேவை. வீட்டின் சுவர் 10 அடி உயரம். அதன் நிழல் எவ்வளவு இடத்தை விழுங்கும்?

தொப்பூர் ஏறத்தாழ 12 பாகை வட அகலாங்கில் உள்ளது. சூரியன் தெற்கே 23½ பாகை வரையிலும் வடக்கே 23½ பாகை வரையிலும் சென்று திரும்புகிறது. டிசம்பர் 22 வாக்கில் அது தென்கோடியில் இருக்கும். அன்று உச்சிவேளையில் அடிவானத்திலிருந்து அதன் உயரம் 90 − 12 − 23½ = 54½ பாகை. இக்கோணத்தின் டேன்ஜெண்ட் மதிப்பு 1.40. ஆகவே 10 அடிச் சுவரின் நிழல் 10 ÷ 1.40, அதாவது சுமார் 7 அடி. அது வடக்கு நோக்கி, நம் கொல்லைக்குள் விழும்.

ஜூன் 21 வாக்கில் சூரியன் வடகோடியில் இருக்கும். அது தொப்பூருக்கு 11½ பாகை வடக்கே. உயரம் 78½ பாகை. அன்று உச்சிவேளையில் நிழல் தெற்கே திரும்பிவிடும்! நீளமும் 2 அடிதான். அதுவும் வீட்டின் மேலேயே விழுந்துவிடும்.

சூரியன் நேர் உச்சிக்கு வரும் நாள்கள் தொப்பூரில் ஏப்ரல் 22, ஆகஸ்டு 20 ஆகிய தேதிகளையொட்டி அமைகின்றன. இவையே நிழலில்லா நாள்கள். ஆக, ஆண்டில் ஏறக்குறைய நான்கு மாதங்கள் உச்சி நிழல் தெற்கே விழுகிறது. எட்டு மாதங்கள் வடக்கே விழுகிறது. இதிலிருந்து இரண்டு முடிவுகள் கிடைக்கின்றன.

ஒன்று: வீட்டை ஒட்டிய 7 அடிப் பட்டை குளிர்காலத்தில் உச்சி வெயில் காணாது. 7 × 24 = 168 சதுர அடி. துவைக்கும் கல், தண்ணீர்த் தொட்டி, விறகு, எருக்குழி ஆகியவற்றை இந்தப் பட்டைக்கு மாற்றிவிட வேண்டும். கழுவும் தண்ணீர் ஓடும் ஓரத்தில் வாழையும் சேம்பும் வைக்கலாம். இஞ்சி, மஞ்சள் போன்றவை ஓரளவு நிழலைப் பொறுத்துக்கொள்ளும்.

இரண்டு: உயரமாக வளரும் எதுவும் வடக்கு ஓரத்தில் இருக்க வேண்டும். அப்போது ஆண்டின் பெரும்பகுதியில் அதன் நிழல் நம் பாத்திகள் மேல் விழாது. முருங்கையைக் கொல்லையின் தெற்கிலோ நடுவிலோ நட்டுவிட்டு, "கீழே ஒன்றும் வரவில்லையே" என்று வருந்திப் பயனில்லை.

168 போக மீதி 384 சதுர அடி. இதுவே நம் உண்மையான தோட்டம். கிழக்கு ஓரத்தில் இதன் நீளம் 11 அடி, மேற்கு ஓரத்தில் 21 அடி. சராசரி 16 அடி. அகலம் 24 அடி.

பாதை தின்னும் இடம்

தோட்டத்தில் பாத்தியும் வேண்டும், நடக்கப் பாதையும் வேண்டும். பாதையில் ஒன்றும் விளையாது. பலரும் செய்வது 2 அடிப் பாத்தி, 1 அடிப் பாதை, மீண்டும் 2 அடிப் பாத்தி என்ற அமைப்பு. இதில் மூன்றில் ஒரு பங்கு நிலம் பாதைக்குப் போகிறது. 384இல் மிஞ்சுவது 256 சதுர அடி.

பாத்தியை அகலமாக்கினால்? பாத்தியின் அகலம் 4 அடி, பாதை 1 அடி எனில், பாதைக்குப் போவது ஐந்தில் ஒரு பங்கே. அப்படியானால் 10 அடி அகலப் பாத்தி போடலாமே என்று கேட்பீர்கள். அங்கேதான் கை குறுக்கிடுகிறது! பாதையில் குந்தியபடி களை பறிக்க ஒருவர் கை சுமார் 2 அடி எட்டும். இரு புறமிருந்தும் எட்டினால் 4 அடி. அதற்கு மேல் போனால் பாத்திக்குள் கால் வைக்க நேரும். மண் இறுகிப் போகும்.

இப்போது நம் 24 அடியைப் பிரிப்போம். கிழக்கு, மேற்கு வேலிகளை ஒட்டிய பாத்திகளை ஒரு புறமிருந்து மட்டுமே எட்ட முடியும். ஆகவே அவை மற்றவற்றில் பாதி அகலமே இருக்க வேண்டும். தெற்கு வடக்காக 5 பாதைகள் விட்டால் 5 அடி போகும். மிச்சம் 19 அடி. நடுவில் நான்கு முழுப் பாத்திகள், ஓரங்களில் இரண்டு அரைப் பாத்திகள். ஆக ஐந்து பாத்திகளின் அகலம். 19 ÷ 5 = 3.8 அடி. ஓரப் பாத்திகள் 1.9 அடி.

பயிரிடும் பரப்பு 19 × 16 = 304 சதுர அடி. முன்பு 256, இப்போது 304. கூடுதலாகக் கிடைத்தது 48 சதுர அடி. அதாவது 4 அடி அகலமும் 12 அடி நீளமும் உள்ள ஒரு முழுப் பாத்தி! ஒரு பிடி நிலம் கூட வாங்காமல் கிடைத்த பாத்தி.

சதுர நடவா, முக்கோண நடவா?

இனிச் செடிகளை நடுவோம். செடிக்குச் செடி 1 அடி இடைவெளி வேண்டும் என்று கொள்வோம். ஒவ்வொரு செடிக்கும் 1 அடி விட்டமுள்ள ஒரு வட்டத்தைச் சொந்தமாகக் கொடுக்கிறோம். வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறக்கூடாது, பாத்திக்கு வெளியிலும் போகக்கூடாது.

சதுர நடவில் வட்டங்கள் நேருக்கு நேராக நிற்கின்றன. நான்கு வட்டங்களுக்கு நடுவே ஒரு வெற்றிடம் வீணாகிறது. வட்டங்கள் அடைக்கும் இடம் 78½ விழுக்காடுதான். முக்கோண நடவில், இரண்டாவது வரிசைச் செடிகளை முதல் வரிசைச் செடிகளின் இடைவெளிக்கு நேராக நடுகிறோம். மூன்று செடிகள் ஒரு சமபக்க முக்கோணம் ஆகின்றன. வரிசைக்கு வரிசை 1 அடி தேவையில்லை. முக்கோணத்தின் குத்துயரமான √3/2, அதாவது 0.866 அடி போதும். வட்டங்கள் அடைக்கும் இடம் கிட்டத்தட்ட 91 விழுக்காடாக உயர்கிறது. ஒழுங்கான அடுக்குகளில் இதைவிட நெருக்கமானது இல்லை என்று 1773ஆம் ஆண்டில் லாக்ராஞ்சு என்னும் கணித மேதை காட்டினார்.

100 அடிக்கு 100 அடி நிலத்தில் சதுர முறையில் 10,000 செடிகள் நடலாம். முக்கோண முறையில் 115 வரிசைகள் அமையும்; வரிசைக்கு 100, 99 என மாறி மாறி நட்டால் 11,443 செடிகள். பதினான்கு விழுக்காடு ஆதாயம்! ஆகவே எங்கும் முக்கோண நடவே சிறந்தது என்று முடிவு கட்டிவிடலாமா?

பொறுங்கள். 4 அடி அகலமும் 12 அடி நீளமும் உள்ள பாத்தியை எடுத்துக்கொள்வோம். சதுர முறையில் 4 வரிசை, வரிசைக்கு 12 செடி, மொத்தம் 48. முக்கோண முறையில் 5 வரிசை அமையுமா? முதல் வரிசைக்கும் கடைசி வரிசைக்கும் வெளிப்புறம் அரை அரை அடி, இடையில் நான்கு இடைவெளிகள்: 1 + 4 × 0.866 = 4.46 அடி வேண்டும். நம்மிடம் 4 அடிதான். எனவே 4 வரிசையே. அதிலும் ஒன்று விட்டு ஒரு வரிசையில் ஓரத்தில் ஒரு செடி குறையும்: 12 + 11 + 12 + 11 = 46. ஆதாயம் வரவில்லை, இரண்டு செடி நட்டம்!

இப்போது நம் 3.8 அடிப் பாத்தியைப் பாருங்கள். நீளம் அதே 12 அடி. சதுர முறையில் 3 வரிசைக்கு மேல் இடமில்லை, 36 செடிகள். முக்கோண முறையில் 4 வரிசைக்கு 1 + 3 × 0.866 = 3.6 அடி போதும். எனவே 4 வரிசை, 46 செடிகள். பத்துச் செடி இலாபம்!

ஓரத்தில் உள்ள 1.9 அடிப் பாத்தியோ இன்னும் வியப்பானது. சதுர முறையில் ஒரே வரிசை, 12 செடி. முக்கோண முறையில் இரண்டு வரிசைக்கு வேண்டியது 1.866 அடி. அரை அங்குலத்துக்கும் குறைவான மிச்சத்தில் இரண்டு வரிசை அடங்கிவிடுகிறது, 23 செடிகள். ஏறக்குறைய இரு மடங்கு!

ஒரே முறை ஒரு பாத்தியில் நட்டம் தருகிறது, மற்றொரு பாத்தியில் இரட்டிப்பாக்குகிறது. காரணம் என்ன? பெரிய வயலில் நடுப்பகுதி அதிகம், ஓரம் குறைவு. சிறிய பாத்தியில் ஏறக்குறைய எல்லாமே ஓரம்தான். சிறிய இடத்தை ஆள்வது ஓரமே. ஆகவே புத்தகத்தில் உள்ள விழுக்காட்டை நம்பி நடக்கக்கூடாது. உங்கள் பாத்தியில் எத்தனை வரிசை அடங்கும் என்று நீங்களே எண்ண வேண்டும்.

நிற்கும் நிலம்

பரப்பு தரையில் மட்டுமா இருக்கிறது? பின்பக்க வேலி 26 அடி நீளம். அதில் 6 அடி உயரத்துக்கு மூங்கில் தட்டி கட்டினால் 26 × 6 = 156 சதுர அடி. தரையில் நாம் பெற்ற 304இல் இது பாதிக்கும் மேல்! பாகல், புடலை, அவரை ஆகியவற்றைப் பாத்திகளின் வடக்கு முனையில் நட்டு இதில் ஏற்றலாம். தெற்கு பார்த்த தட்டியாதலால் எட்டு மாதங்கள் உச்சி வெயில் அதன் முகத்தில் படும். நிழலும் நம் பக்கம் விழாது.

ஆனால் யார் பக்கம் விழும்? டிசம்பரில் 6 அடித் தட்டியின் நிழல் 6 ÷ 1.40 = 4.3 அடி நீளத்துக்கு அடுத்த வீட்டுக் கொல்லையில் விழும். அங்கேயும் யாரேனும் பாத்தி போட்டிருக்கலாம். கட்டும் முன் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. இந்தக் கணக்கைக் காட்டியே கேட்கலாம்.

தண்ணீர்க் கணக்கு

இடம் கிடைத்தது. தண்ணீர்? தருமபுரி மாவட்டத்தில் ஆண்டுக்குச் சராசரியாக ஏறத்தாழ 850 மி.மீ. மழை பெய்கிறது. 1 சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை என்றால் சரியாக 1 லிட்டர். இதை நினைவில் வைத்துக்கொண்டால் மழைக் கணக்கு எளிது. நம் வீட்டின் மொட்டை மாடி 24 அடிக்கு 20 அடி; அதாவது 44.6 சதுர மீட்டர். ஆண்டு முழுவதும் அதில் விழும் மழை 44.6 × 850, அதாவது சுமார் 37,900 லிட்டர். ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் 30,000 லிட்டர் மிஞ்சும். தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டதன் பொருள் இந்த எண்ணில் விளங்கும்.

304 சதுர அடி என்பது 28.2 சதுர மீட்டர். பயிருக்கு நாளொன்றுக்கு 5 மி.மீ. தண்ணீர் வேண்டும் எனக் கொண்டால், தேவை 141 லிட்டர். 15 லிட்டர் குடத்தால் ஒன்பதரைக் குடம்! 1,000 லிட்டர்த் தொட்டி நிறைய மழைநீர் பிடித்து வைத்தாலும் ஏழு நாளில் தீர்ந்துவிடும். எனவே கோடையில் மூன்று குடம்தான் ஊற்ற முடியும் என்றால் மூன்றில் ஒரு பங்கு நிலத்தில் மட்டும் பயிரிட வேண்டும். எல்லாப் பாத்திகளிலும் நட்டு எல்லாவற்றையும் வாட விடுவதைவிட, இரண்டு பாத்திகளைச் செழிக்க வைப்பது மேல். மற்ற பாத்திகளைச் சருகால் மூடி வையுங்கள். மழை வந்ததும் அவை தயாராக இருக்கும்.

நீங்களும் செய்து பாருங்கள்

ஒரு கயிறும் அளவு நாடாவும் எடுத்துக்கொண்டு உங்கள் கொல்லையை அளங்கள். கொல்லை இல்லாதவர்கள் பள்ளியில் ஒரு மூலையைத் தேர்ந்தெடுக்கலாம். மூலைவிட்டத்தை மறக்காதீர்கள். சென்னைக்கு அகலாங்கு 13 பாகை, மதுரைக்கு 10, கன்னியாகுமரிக்கு 8 என்று கொண்டு, டிசம்பரில் 10 அடிச் சுவரின் நிழல் அங்கெல்லாம் எவ்வளவு என்று கணக்கிடுங்கள். பிறகு இக்கேள்விக்கு விடை காணுங்கள்: செடி இடைவெளி 1 அடி, பாத்தி நீளம் 12 அடி என்றே வைத்துக்கொண்டு, பாத்தியின் அகலத்தை 3 அடியிலிருந்து 6 அடி வரை சிறிது சிறிதாகக் கூட்டினால், எந்தெந்த அகலங்களில் முக்கோண நடவு வெல்கிறது? எவற்றில் தோற்கிறது?

விடையை ஒரு பட்டியலாக எழுதிப் பாருங்கள். அப்பட்டியல் கையில் இருந்தால், வரப்பு வெட்டும்போது உங்கள் வீட்டில் உங்களைத்தான் கேட்பார்கள்.